தேய்மானம் என்ற சொல்

வங்கிக் கணக்கில் தேய்மானம் என்ற சொல்லுக்குத் துல்லியமான அர்த்தம் உண்டு. மேஜை, நாற்காலி, நோட்டு எண்ணும் யந்திரம் எல்லாம் வாங்கிய நாளிலிருந்து ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று மதிப்பு இழக்கின்றன. யாரும் உடைக்க வேண்டாம். தொடக்கூட வேண்டாம். காலம் ஒன்றே போதும். மார்ச் 31 அன்று ஒரு பதிவு, மறு ஆண்டு மறுபடி ஒரு பதிவு. கடைசியில் மதிப்பு ஒரு ரூபாயில் வந்து நின்றுவிடும். நாற்காலி மட்டும் அங்கேயே இருக்கும். அதில் உட்கார்ந்துதான் நான் வேலை பார்க்கிறேன்.

இதே சொல்லை நம் ஊர் வைத்தியர்கள் எலும்புக்கும் சொல்கிறார்கள். முழங்கால் வலித்தால் தேய்மானம். கழுத்து பிடித்துக்கொண்டால் தேய்மானம். முதுகெலும்பு நொறுங்கினாலும் தேய்மானம். முதல் இரண்டுக்கும் சொல் ஓரளவு பொருந்தும். மூட்டின் குருத்தெலும்பு உண்மையிலேயே தேய்கிறது. மூன்றாவது வேறு ஜாதி. அங்கே எலும்பு தேய்வதில்லை. உள்ளே துளைபட்டு, வெளித்தோற்றம் மாறாமல் இருந்து, ஒரு நாள், ஒரு குறிப்பிட்ட நிமிஷத்தில், உடைகிறது. அதற்கு ஒரு தேதி உண்டு. தேய்மானம் என்று சொல்லும்போது அந்தத் தேதி அழிந்துபோகிறது. சம்பவம் சரிவாகிவிடுகிறது. சரிவுக்கு வைத்தியம் கேட்க யாருக்கும் தோன்றாது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கான சாட்சியங்கள்.

என் பெரியம்மா ரயில்வே பள்ளியில் ஆசிரியையாக இருந்து 2008இல் ஓய்வு பெற்றவள். 2022 ஜூன் மாதம் ஒரு காலை, கிரைண்டரிலிருந்து குழவியைத் தூக்கும்போது முதுகில் ஏதோ நெறிந்த மாதிரி இருந்தது என்று சொன்னாள். அப்போது அவளுக்கு 74 வயது. சுளுக்கு என்று தெருக்கோடியில் ஒருத்தியை அழைத்து வந்து எண்ணெய் போட்டு நீவினார்கள். வலி அதிகமாயிற்று. பக்கத்து நர்ஸிங் ஹோமில் எக்ஸ்ரே எடுத்தார்கள். ரிப்போர்ட்டில் வயதுக்கேற்ற தேய்மான மாற்றங்கள் என்று ஒரு வரி. வலிமாத்திரை, இடுப்புக்கு ஒரு பெல்ட், பத்து நாள் படுக்கை. ஆறு வாரத்தில் வலி தணிந்தது. தணிந்ததால் விஷயம் முடிந்தது என்று அர்த்தமாயிற்று.

2023 பிப்ரவரியில், டவுன் பஸ்ஸின் கடைசி இருக்கையில் உட்கார்ந்திருந்தபோது வண்டி வேகத்தடையில் ஏறி இறங்கியது. இந்த முறை எழுந்திருக்க முடியவில்லை. முதியோர் மருத்துவம் படித்த ஒரு டாக்டரிடம் போனோம். அவர் புதிய படத்தைப் பார்ப்பதற்கு முன் பழைய ஃபிலிம் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. பக்கவாட்டில் எடுத்த படத்தை வெளிச்சத்தில் பிடித்து, மார்பு முள்ளெலும்புகளில் கடைசியானதை, பன்னிரண்டாவதை, பேனா முனையால் காட்டினார். மேலும் கீழும் உள்ளவை செவ்வகங்களாக இருந்தன. அது மட்டும் முன்பக்கம் ஒடுங்கி, கதவுக்கு வைக்கிற ஆப்பு மாதிரி இருந்தது. எட்டு மாதமாக அது அங்கேயே இருந்திருக்கிறது. ரிப்போர்ட் எழுதியவர் தேய்மானம் என்ற சொல்லை எழுதி முடித்தபின் மேற்கொண்டு பார்க்கத் தேவையில்லாமல் போயிற்று போலும். இப்போது அதற்குக் கீழே இருப்பதும், இடுப்பின் முதல் முள்ளெலும்பும், போய்விட்டது.

இது ஒரு தனி நர்ஸிங் ஹோமின் அசட்டை மட்டுமல்ல. முதுகெலும்பு முறிவுகளில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் வைத்தியரின் கவனத்துக்கு வருகிறது என்பது உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட கணக்கு. மீதி முதுகுவலியாகவும் வயோதிகமாகவும் கழிந்துவிடுகின்றன. முறிவுக்கு மருந்தில்லாமல் விட்டால் அடுத்த ஓராண்டுக்குள் ஐந்தில் ஒருவருக்கு இன்னொன்று முறிகிறது. 2001இல் வந்த ஓர் ஆய்வு இதைச் சொன்னது. பெரியம்மா அந்த ஐந்தில் ஒருத்தி.

டாக்டர் அவள் உயரத்தை அளந்தார். 147 சென்டிமீட்டர். முன்னால் எவ்வளவு இருந்தீர்கள் என்று கேட்டார். யாருக்குத் தெரியும்? சாதாரணமாக இந்தக் கேள்விக்கு நம் வீடுகளில் பதில் இருக்காது. பெண்களின் உயரத்தைக் கல்யாணத்துக்குப் பின் எவரும் அளப்பதில்லை. ஆனால் பெரியம்மாவின் டிரங்குப் பெட்டியில் ஓய்வூதியப் படிவத்தின் நகல் இருந்தது. உயரமும் அங்க அடையாளங்களும் என்ற கலத்தில், இடது முழங்கையில் ஒரு மச்சம், 154 சென்டிமீட்டர். அரசாங்கம் தன் பணத்தை வேறொருத்தி வாங்கிவிடக் கூடாதே என்று எழுதி வைத்தது, பதினைந்து வருஷம் கழித்து அவள் நோயைப் படிக்க உதவியது. உச்ச உயரத்திலிருந்து நான்கு சென்டிமீட்டர் குறைந்திருந்தாலே பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். இவளுக்கு ஏழு. புடவைக் கொசுவம் தரையில் இழுபடுகிறது, துணி நீளமாக நெய்கிறான்கள் என்று இரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பின் கௌண்டரில் உட்கார்ந்து பார்க்கும் பார்வை எனக்கு மாறிவிட்டது. நவம்பர் மாதம் ஓய்வூதியக்காரர்கள் உயிர்ச்சான்று கொடுக்க வருவார்கள். 2014இல் டிஜிட்டல் சான்று வந்தது, 2021இல் முகத்தைப் படம் பிடித்தே சான்று கொடுக்கும் வசதியும் வந்தது. ஆனாலும் எங்கள் கிளையில் பாதிப்பேர் நேரில்தான் வருகிறார்கள். உயிரோடிருப்பதை மனிதனிடம் சொன்னால்தான் திருப்தி. ஆண்டுக்கு ஒரு முறை பார்ப்பதால் ஒன்று தெரிகிறது. சென்ற வருஷம் கௌண்டர் கண்ணாடிக்கு மேலே தெரிந்த முகம் இந்த வருஷம் கண்ணாடிக்குள் இருக்கிறது. சிலருக்கு நெற்றி மட்டும். பெரும்பாலும் பெண்கள், ஆனால் ஆண்களும் உண்டு; ஆஸ்துமாவுக்காக வருஷக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். செல்ஃபோனில் முகம் பிடிக்க அவர்கள் தலையை நிமிர்த்த முடியாது. ஃபோனைத்தான் தாழ்த்திப் பிடிக்க வேண்டும்.

நம் இலக்கியம் இந்த முதுகை எப்படிப் பார்த்திருக்கிறது என்று யோசித்தேன். இது என் தொழில்வியாதி.

புறநானூற்றின் 243ஆம் பாட்டைப் பாடியவரின் பெயர் போய்விட்டது. பாட்டிலிருக்கும் ஊன்றுகோலை வைத்துத் தொடித்தலை விழுத்தண்டினார் என்று அழைக்கிறோம். ஆள் மறைந்து கோல் தங்கிவிட்டது. அந்தப் பாட்டின் மகத்துவத்தை நான் குறைத்துப் பேசவில்லை. இருமலுக்கிடையில் பேசுகிற ஒரு கிழவரை அவ்வளவு ஸ்தூலமாக வேறு எங்கும் பார்த்ததில்லை. ஆனால் அங்கேயும் முதுமை என்பது இளமைக்கு எதிர்ப்பதம். கம்பனில் கூனி வருகிறாள். சிறுவன் இராமன் விளையாட்டாக வில்லில் மண்ணுருண்டை வைத்து அவள் கூனில் அடித்ததை மனத்தில் வைத்திருக்கிறாள். கம்பன் அவள் வன்மத்துக்கு ஒரு காரணம் தருகிறான், அது அவன் பெருந்தன்மை. அந்த உருண்டை பட்ட இடத்தில் வலித்திருக்குமா என்று எந்தப் பட்டிமன்றத்திலும் நான் கேட்டதில்லை. கூன் அங்கே மனத்தின் கோணல். உடம்பு வெறும் குறியீடு.

நவீனச் சிறுகதைக்கு வந்தால் நிலைமை மோசம். கேள்விக்குறி போல் வளைந்த கிழவி இல்லாத கிராமத்துக் கதை எத்தனை? எங்கள் வட்டத்தில் எழுதுகிறவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கேள்விக்குறி என்று எழுதியதும் எழுத்தாளனின் கண் மூடிக்கொள்கிறது. அவள் என்ன கேட்கிறாள்? ஒன்றும் கேட்கவில்லை. விலா எலும்புகள் இடுப்பெலும்பில் இடிப்பதால் அவளுக்கு வயிறு நிறையச் சாப்பிட முடியவில்லை. மூச்சு இழுக்க இடம் போதவில்லை. தரையைத் தவிர வேறெதையும் பார்க்கக் கழுத்தை ஒடிக்க வேண்டியிருக்கிறது. இதில் ஒன்றைப் பார்த்திருந்தாலும் உவமை தேவைப்பட்டிருக்காது.

சூசன் சாண்டாக் 1978இல் எழுதிய 'நோய் ஓர் உருவகமாக' என்ற நூலில், நோயை உருவகங்களிலிருந்து விடுவிக்க வேண்டும் என்று வாதாடினார். அவர் பேசியது காசநோயும் புற்றுநோயும். உக்கிரமும் ரொமான்டிக் சோகமும் ஏறிய நோய்கள். எலும்புப் புரைக்கு அந்த கௌரவம்கூட இல்லை. இதன் உருவகம் வயோதிகம் என்பதுதான், அதுவோ உருவகமாகவே யாருக்கும் படுவதில்லை. ஆனால் சாண்டாக் கேட்ட சுத்தமான மொழி வைத்தியத்துக்குள்ளும் இல்லை என்பதை டாக்டரின் அறையில் கண்டுகொண்டேன். ஆப்பு வடிவம், காட் மீனின் முள்ளெலும்பு வடிவம் என்றெல்லாம் அவர்களும் உவமைதான் சொல்கிறார்கள். முதுகின் மேல்கூனலுக்கு ஆங்கிலத்தில் இருக்கும் பழைய பெயர் 'சீமாட்டி விதவையின் திமில்' என்று பொருள்படுவது. நோய்க்கூறில் ஒரு வர்க்கமே உட்கார்ந்திருக்கிறது. எனவே உருவகம் கூடாது என்பதில்லை என் கட்சி. ஆப்பு என்ற சொல் அளக்க விடுகிறது: முன்பக்க உயரம் 20 சதவீதம் குறைந்தால் முதல் தரம், 25ஐத் தாண்டினால் இரண்டு, 40ஐத் தாண்டினால் மூன்று என்று ஜெனான்ட் என்பவர் 1993இல் வகுத்தார். தேய்மானம் என்ற சொல் அளக்க விடுவதில்லை.

நோயின் பெயருக்கே ஒரு சரித்திரம் உண்டு. துளைபட்ட எலும்பு என்று பொருள்படும் ஆஸ்டியோபொரோசிஸ் என்ற சொல் 1830களில் ஸ்ட்ராஸ்பர்கில் லோப்ஸ்டைன் என்ற நோய்க்கூறியலாளர் தந்தது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரஜன் குறைவதோடு இதை இணைத்துக் காட்டியவர் அமெரிக்காவின் ஃபுல்லர் ஆல்பிரைட், 1941இல். 1994இல் உலக சுகாதார நிறுவனம் எலும்பின் அடர்த்தியை வைத்து ஒரு கோடு போட்டது: இளவயதுப் பெண்களின் சராசரியிலிருந்து 2.5 திட்ட விலக்கங்கள் கீழே போனால் இந்த நோய். கோடு சௌகரியமானது, ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. நொறுங்கிய முள்ளெலும்பு அமுங்கிக் கெட்டிப்படுவதால் ஸ்கேனில் அடர்த்தியாகத் தெரியும். பக்கங்களில் வளர்ந்த எலும்பு முட்களும் எண்ணை உயர்த்திக் காட்டும். பெரியம்மாவின் முதுகு ஸ்கேன் கோட்டுக்கு மேலே, பரவாயில்லை என்றது. டாக்டர் அதை ஒதுக்கிவிட்டார். லேசான விசையில் முள்ளெலும்பு முறிந்தது என்றாலே நோய் நிர்ணயமாகிவிட்டது, எண் வேண்டாம் என்றார்.

அதற்கு முன் வேறு சிலவற்றை விலக்கவேண்டியிருந்தது. நம் ஊரில் முள்ளெலும்பு நொறுங்கினால் காசநோயை நினைக்காமல் இருக்க முடியாது. புற்று, மயிலோமா இவற்றையும். எம்ஆர்ஐ, ரத்தப் பரிசோதனைகள். திருச்சி வெயிலில் வாழ்நாள் முழுக்க இருந்தவளுக்கு வைட்டமின் டி மிகக் குறைவு. வீட்டுக்குள்ளும் வகுப்புக்குள்ளும் கழிந்த வாழ்க்கைக்கு வெயில் ஊரில் இருந்தால் போதாது என்று தெரிகிறது.

இதற்கிடையில் ஒரு தனியார் மருத்துவமனை சிமென்ட் வைக்கலாம் என்றது. முறிந்த எலும்புக்குள் ஊசி செலுத்தி அக்ரிலிக் சிமென்ட்டை நிரப்புவது. மறுநாளே நடக்கலாம், முன்பணம் கட்டுங்கள் என்றார்கள். கொரோனாவின்போது எங்கள் கௌண்டரில் மாட்டிய அக்ரிலிக் தகடு எந்தப் பொருளோ, அடிப்படையில் அதே பொருள்தான். இந்த முறையை முதலில் செய்தவர்கள் பிரான்சின் ஆமியான் நகரத்து காலிபேரும் தெராமோனும், 1984இல், வேறொரு காரணத்துக்காக, கழுத்தெலும்பில். அதன்பின் எலும்புப் புரைக்குப் பரவியது. ஆயிரக்கணக்கானவர்கள் எழுந்து நடந்தார்கள். யாரும் சந்தேகிக்கவில்லை.

2009 ஆகஸ்டில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' ஒரே இதழில் இரண்டு பரிசோதனைகளை வெளியிட்டது. ஒன்றில் 131 பேர், ஆஸ்திரேலியாவில் நடந்த மற்றதில் 78 பேர். பாதிப்பேருக்கு சிமென்ட். மற்றவர்களுக்கு மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டு, சிமென்ட் வைப்பதாக நடித்தார்கள். சிமென்ட்டைக் கலக்கும்போது ஒரு வாடை வரும். நடிப்பிலும் அந்த வாடை அறையில் பரவும்படி பார்த்துக்கொண்டார்கள். ஆஸ்திரேலியர்கள் எலும்பை மெல்லத் தட்டவும் செய்தார்கள். முடிவு: இரு சாராருக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது.

இதைப் படித்த இரவு நான் தூங்கவில்லை. வலி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. முறிவு தானே ஆறும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் ஜனங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள், உச்சத்துக்குப் பின் இறக்கம்தான். கவனிக்கப்படுவதும் ஒரு மருந்து. ஆனால் ஒரு வாடை, ஒரு தட்டல், வேலை நடக்கிறது என்ற தோற்றம் இவை உடம்பில் பலன் காட்டும் என்றால், விமர்சனம் எழுதுகிறவன் யோசிக்க வேண்டிய விஷயம் அது. எத்தனை கவிதைகளில் சிமென்ட் இருக்கிறது, எத்தனையில் வாடை மட்டும்? இந்த ஒப்பீட்டை மேலே கொண்டுபோக எனக்கு விருப்பமில்லை. சர்ச்சையும் முடிந்துவிடவில்லை. 2016இல் இன்னொரு ஆஸ்திரேலியப் பரிசோதனை, முறிந்து ஆறு வாரத்துக்குள் கடும் வலியில் இருப்பவர்களுக்கு சிமென்ட் உதவுகிறது என்றது. 2018இல் நெதர்லாந்திலிருந்து வந்தது இல்லை என்றது. பெரியம்மாவின் வலி அதற்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. டாக்டர் வேண்டாம் என்றார். சிமென்ட் வைத்தாலும் அது அந்த ஓர் எலும்புக்குத்தான், மேலேயும் கீழேயும் இருப்பவை அதே புரையோடிய எலும்புகள் என்பது அவர் வாதம்.

மருந்து வேறு தளத்தில் வேலை செய்கிறது. எலும்பு கட்டடமல்ல. ஒரு வகை செல்கள் அரித்துக்கொண்டே இருக்கின்றன, இன்னொரு வகை நிரப்பிக்கொண்டே இருக்கின்றன. எலும்புக்கூட்டில் ஆண்டுக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு புதிதாகிறது. நோயாளிகளுக்கான கையேடுகள் இதை வங்கிக் கணக்கு என்கின்றன, சேமிப்பு, எடுப்பு என்று. வங்கியில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு இது ஒட்டவில்லை. எங்கள் கணக்கில் எடுப்பை நிறுத்தினால் இருப்பு அப்படியே நிற்கும். எலும்பில் அரிப்பு இல்லாமல் பழுதுபார்ப்பு இல்லை, இரண்டும் ஒரே வேலையின் இரு கைகள். வயதானபின் நிரப்புகிற கை தளர்ந்துவிடுகிறது. அலெண்ட்ரோனேட், ஸோலெட்ரோனிக் அமிலம் போன்றவை அரிக்கிற கையைப் பிடித்து நிறுத்துகின்றன. டெரிபராடைட் நிரப்புகிற கையைத் தூண்டுகிறது. தினம் ஊசி, செலவு அதிகம், முடித்தபின் வேறு மருந்து தொடராவிட்டால் கிடைத்தது கரைந்துவிடும். டெனோசுமாப் ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி, ஆனால் தவணை தவறினால் அடக்கிவைத்த அரிப்பு மொத்தமாகத் திரும்பிவந்து பல எலும்புகளை முறிக்கக்கூடும். இந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் பெரியம்மா, அது கந்துவட்டிக்காரன் மாதிரி இருக்கே, வேண்டாம்டா என்றாள்.

அலெண்ட்ரோனேட் மாத்திரைக்கு ஒரு சடங்கு உண்டு. வாரம் ஒரு நாள், வெறும் வயிற்றில், ஒரு தம்ளர் வெறும் தண்ணீரில் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் நிமிர்ந்து இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உணவுக்குழாய் புண்ணாகும். நிமிர்ந்து இருக்க முடியாதவளுக்கான மருந்து நிமிர்ந்து இருக்கச் சொல்கிறது. அதனால் ஸோலெட்ரோனிக் அமிலம், ஆண்டுக்கு ஒரு முறை ட்ரிப்பாக. 2007இல் வெளிவந்த அதன் பெரிய பரிசோதனையில் மூன்று ஆண்டுகளில் மருந்தில்லாத நூறு பேரில் சுமார் 11 பேருக்குப் புது முள்ளெலும்பு முறிவு, மருந்து எடுத்தவர்களில் 3 பேருக்கு. இந்த 11க்கும் 3க்கும் நடுவில் இருப்பதுதான் வயோதிகம் என்று நாம் சொல்லிக்கொண்டிருந்தது.

முதலில் பல் டாக்டரிடம் அனுப்பினார்கள். அபூர்வமாகத் தாடை எலும்பு கெடலாம். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்கள். எட்டு வாரம் வைட்டமின் டி பொட்டலம். 2023 ஏப்ரலில் முதல் ட்ரிப். அன்றிரவே காய்ச்சலும் உடம்புவலியும். முன்பே சொல்லியிருந்தார்கள், மூன்று நாளில் போயிற்று. 2024இல் ஒன்று, 2025இல் ஒன்று. இரண்டு முறிவுகள் இருப்பதால் மூன்றோடு நிறுத்த வேண்டாம் என்கிறார் டாக்டர். புதிய முறிவு இல்லை. இழந்த ஏழு சென்டிமீட்டர் திரும்பாது. அதை யாரும் வாக்களிக்கவும் இல்லை.

மருந்தைவிடக் கஷ்டமானது பிஸியோதெரபிஸ்ட் கொடுத்த தாள். முதுகை வளைத்துக் குனியக் கூடாது. இதற்கும் ஓர் ஆதாரம் உண்டு: மேயோ கிளினிக்கில் சினாகியும் மிக்கெல்சனும் 1984இல் எழுதியது. எலும்புப் புரை உள்ள பெண்களில் குனிந்து செய்யும் பயிற்சி மட்டும் செய்தவர்கள் 9 பேர். 8 பேருக்குப் புது முறிவு. நிமிர்ந்து பின்னோக்கிச் செய்த 25 பேரில் 4 பேருக்கு. எண்ணிக்கை சிறியது, ஆனால் படம் தெளிவு. நல்லெண்ணத்தில் கிழவிகளைப் பாதஹஸ்தாசனம் செய்யவைக்கும் யோகா ஆசிரியர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

குனியாமல் இருப்பது என்றால் என்ன என்று நம் வீட்டில் பார்க்க வேண்டும். துடைப்பம் குட்டை. அரிவாள்மணை தரையில். பாய் தரையில். நமஸ்காரம் தரையில். கோலம் தரையில். ஒரு பெண்ணின் நாள் முழுவதும் தரையை நோக்கியே கட்டப்பட்டிருக்கிறது. வைத்தியம் என்பது இந்த அசைவுகளை ஒவ்வொன்றாக அவளிடமிருந்து கழற்றுவது. துடைப்பத்துக்கு நீளக் காம்பு வந்தது. அரிவாள்மணைக்குப் பதில் மேடையும் கத்தியும். குழவியை இப்போது நான் தூக்குகிறேன். சுவரோடு முதுகை ஒட்டி நின்று தோள்களைப் பின்னுக்கு இழுக்கும் பயிற்சியைத் தினமும் காலை செய்கிறாள், பள்ளியில் பிரேயருக்கு நிற்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு.

கோலத்தில்தான் தகராறு. நாற்பது வருஷம் பள்ளிக்கு ஓடுவதற்கு முன் போட்டது, மற்றதெல்லாம் வேலை, இது வேலை இல்லை என்பது அவள் கட்சி. டாக்டரின் கட்சியும் வலுவானது. முக்காலியில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தாள். கை எட்டும் வட்டத்துக்குள் நாலு புள்ளிக் கோலம்தான் வந்தது. மார்கழிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பிவிசி குழாயின் நுனியை அடைத்து, துளை போட்டு, மேலே புனல் செருகி, நின்றபடியே மாவு விழும்படி ஒன்று செய்துகொடுத்தேன். வாசலில் இரண்டு வரிசை புள்ளி வைத்துப் பார்த்தாள். நேராக வரவில்லை என்று கதவு மூலையில் சாத்திவிட்டாள்.